பழையபடி சார்

எங்கள் கம்பெனியில் புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாக வேண்டாம் என்று சொல்லும் மனிதர் ஒருவர் இருந்தார். அவர் தொழிலாளி இல்லை. சங்கத்துக்காரரும் இல்லை. பர்சனல் ஆபீசர். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, சண்டையைத் தீர்த்துவைப்பது, கம்பெனி புதிதாக ஏதாவது கொண்டுவந்தால் அதற்கு எங்களைச் சம்மதிக்க வைப்பது, இதெல்லாம் அவருடைய வேலை. அந்தக் கடைசி வேலைக்கு அவரைவிடப் பொருந்தாத ஆளை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் 'பழையபடி சார்'.

கேன்டீனில் குழி வைத்த தட்டு வந்த நாளில்தான் அந்தப் பெயர் நிலைத்தது. சோற்றுக்கு ஒரு பெரிய குழி, சாம்பாருக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று. எங்களுக்கெல்லாம் அது பிடித்திருந்தது. சார் மட்டும் தட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாம்பாரை ஒரு பள்ளத்துல நிறுத்திவெச்சா அது எப்படிம்மா சோத்தோட சேரும்? எனக்குப் பழையபடி தட்டே குடு" என்றார். பரிமாறுகிற அம்மா உள்ளே போய்த் தேடி, ஒரு பழைய எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து கொடுத்தார். அன்றிலிருந்து அது சாருடைய தட்டு.

அவர் பூந்தமல்லியில் கம்பெனி பஸ் ஏறுவார். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம்தான் அவர் இடம். பழைய பஸ்ஸை விற்றுவிட்டுப் புது பஸ் வாங்கினார்கள். அதில் டிரைவருக்குப் பின்னால் சீட்டே இல்லை, ஒரு தடுப்புக் கம்பிதான் இருந்தது. சார் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் சீட் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்றபடியே வந்தார். பின்னால் பாதி பஸ் காலியாக இருந்தது. இதை டிரைவரே எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, தூசி படக்கூடாது என்று சொல்லி அதை ஒரு துண்டால் போர்த்திவிட்டார். மதியம் போய்ப் பார்த்தால் அதன் தலையில் அவருடைய தயிர் டப்பா உட்கார்ந்திருக்கும்.

இப்படிப்பட்டவரிடம்தான் 1991இல் பெரிய மேனேஜர் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். அந்த வருடம் ஸ்ரீபெரும்புதூர் என்ற எங்கள் ஊர்ப் பெயரை உலகமே பேப்பரில் படித்தது. அது துயரமான கதை, எல்லோருக்கும் தெரிந்தது. நான் சொல்ல வந்தது அதே வருடக் கடைசியில் எங்கள் கம்பெனிக்குள் நடந்தது.

ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் ஹாரன் செய்கிற கம்பெனி அது. நான் பிள்ளைப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவேன். ஆளுக்கொரு மேஜை. தகடு, சுருள், திருகு, மூடி எல்லாம் மேஜைமேல் குவிந்திருக்கும். ஒரு ஹாரனை முதலிலிருந்து கடைசிவரை ஒருத்தியே செய்து, பேட்டரியில் வைத்து அமுக்கிப் பார்த்து, திருகைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திருப்பிச் சத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே அத்தனை பெண்களும் அமுக்கினால் எப்படி இருக்கும்? கம்பெனி வாசலில் போகிற லாரிக்காரர்கள், பின்னால் யாரோ வழி கேட்கிறார்கள் என்று ஒதுங்கி ஓரம் கட்டுவார்கள்.

இதைத்தான் மாற்றப் போவதாகச் சொன்னார்கள். மேஜைகள் போய்விடும். நீளமாக ஒரு பெல்ட் ஓடும். இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்து ஆளுக்கு ஒரே ஒரு வேலை செய்ய வேண்டும். ஒருத்தி தகடு வைத்தால் அடுத்தவள் திருகு போடுவாள். ஹாரன் தானாக நகர்ந்து போய்விடும். பெரிய ஸ்கூட்டர் கம்பெனி ஒன்று ஆர்டர் தருவதாக இருந்தது. பெல்ட் ஓடினால்தான் அவ்வளவு ஹாரன் செய்ய முடியும், ஆர்டர் போனால் ஒரு ஷிப்டை மூட வேண்டியதுதான் என்று பேச்சு அடிபட்டது.

இதற்கு எங்களைச் சம்மதிக்க வைப்பதுதான் சாருக்குக் கொடுத்த பொறுப்பு. எங்களில் ஒருத்திக்கும் அது பிடிக்கவில்லை. மண்ணூரிலிருந்து வந்த வசந்தாவுக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரி, என் சிநேகிதி. "என் கை இன்னா அந்த ரப்பருக்கு வேலக்காரியா? அது இழுக்கற இழுப்புக்கு நான் ஓட முடியாது" என்று ஷெட் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

பெல்ட்டை ஷெட்டின் ஒரு ஓரத்தில் மாட்டி, வெறுமனே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கேன்டீனில் எல்லோரையும் கூட்டி மேனேஜர் பேசினார். பெல்ட் வந்தால் வேலை சுலபம், கை வலிக்காது, கம்பெனி வளரும் என்றார். ஒருவரும் அசையவில்லை. அடுத்து சார் எழுந்தார். கையில் குறிப்பு எதுவும் இல்லை.

"மேனேஜர் நல்லாச் சொன்னார். கேக்கறதுக்கு எனக்கும் நல்லாத்தான் இருந்தது. ஆனா எனக்கு இந்தப் பெல்ட்டைப் பிடிக்கல" என்றார்.

மேனேஜர் குடிக்க எடுத்த டீயை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் பிடிக்கலன்னு தெரியும். ஏன் பிடிக்கலன்னுதான் தெரியாது. முதல்ல நான் என்னோடதைச் சொல்லிடறேன். அது பச்சைக் கலர்ல இருக்கு, பாசி பிடிச்ச குளம் மாதிரி. தினமும் காலைல வந்து அது மூஞ்சில முழிக்க எனக்கு இஷ்டமில்ல. இப்ப நீங்க சொல்லுங்க."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒருத்தி எழுந்து, தெற்கு பார்த்து உட்கார்ந்து வேலை செய்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள். வடக்கு பார்த்து உட்கார்ந்தால் தனக்குத் தலை சுற்றும் என்றார் சார். இன்னொருத்தி தயங்கித் தயங்கி, பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். பின் வரிசையில் ஆண்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "இது நிஜமான கஷ்டம். எனக்குத் தோணவே இல்ல பாரு" என்று சொல்லி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மாற்றிவிட ஒரு ஆள் தனியாகப் போடுவதாக மேனேஜர் அங்கேயே ஒப்புக்கொண்டார்.

வசந்தா எழுந்தாள். "ஆளுங்கள வெளிய தள்ளத்தான் சார் இந்த மிசினு கொண்டாறீங்க."

"அப்படியா சார்? யாரையாவது அனுப்பப் போறீங்களா?" என்று சார் மேனேஜரையே கேட்டார்.

"அதெல்லாம் யாரையும் அனுப்ப மாட்டோம்" என்றார் மேனேஜர்.

"கொஞ்சம் எழுந்து நின்னு சொல்லிடுங்க சார். கடைசி வரிசைக்குக் கேக்கல."

மேனேஜர் எழுந்து நின்று சொன்னார்.

அன்றிலிருந்து டீ நேரத்தில் சார் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக வர ஆரம்பித்தார். வந்து உட்கார்ந்ததும் தன் குறையைத்தான் முதலில் சொல்வார். பெல்ட் ஓடுகிற சத்தம் யாரோ பல் கடிப்பது போல இருக்கிறது என்பார். அவர் இவ்வளவு அற்பமான குறையெல்லாம் சொல்வதைக் கேட்டால் நம் மனதில் இருப்பதைச் சொல்ல வெட்கம் விட்டுப்போகும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதிக் குறைகள் நமக்கே சிரிப்பாகிவிடும். மீதியை அவர் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போவார். சங்கத்துக்காரர்கள் சிலர் அவரைத் தந்திரக்காரர் என்றார்கள். இருக்கலாம். கம்பெனியிடம் சம்பளம் வாங்கி அவர் கம்பெனி வேலையைத்தான் செய்தார். ஆனால் அவர் சொன்ன குறைகள் நடிப்பில்லை. அந்தப் பச்சைப் பெல்ட்டைக் கடக்கும்போதெல்லாம் அவர் முகம் உண்மையாகவே சுளிக்கும்.

ஒத்திகை வைத்தார்கள். பெல்ட்டைக் கொண்டுவந்த இளம் இன்ஜினியர் எங்களில் சிலரை உட்கார வைத்தார். சார் தானும் உட்காருவேன் என்றார். மூடி வைத்து அமுக்குகிற வேலையைக் கொடுத்தார்கள். மணி அடித்தது, பெல்ட் நகர்ந்தது. முதல் ஹாரனுக்கு மூடி வைத்தார். இரண்டாவதை எடுக்கக் குனிந்தபோது மூக்கிலிருந்து கண்ணாடி நழுவிப் பெல்ட்டில் விழுந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது. இரண்டு கையாலும் காற்றைத் துழாவினார். கை தட்டி ஹாரன்கள் அவர் மடியில் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன.

கண்ணாடி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் போயிற்று. எல்லோர் கையிலும் வேலை. என் முன்னால் வந்தபோது என் ஒரு கையில் ஹாரன், இன்னொரு கையில் திருப்புளி. "சார் கண்ணாடி போவுது" என்று மட்டும் சொன்னேன். கடைசியில் நின்ற பேக்கிங்காரரிடம், வருவதை எல்லாம் பெட்டியில் போடு என்று சொல்லியிருந்தார்கள். அவர் அதைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

பெட்டியைப் பிரித்து எடுத்துக் கொடுத்ததும் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இன்ஜினியரைப் பார்த்து, "இன்னிக்குக் கண்ணாடி போச்சு. நாளைக்கு ஒரு பொண்ணு விரல் மாட்டிக்கிட்டா? நிறுத்தறதுக்கு எல்லார் கைக்கும் எட்டற மாதிரி ஒரு கயிறு கட்டுங்க" என்றார்.

"கயிறு கட்டினா ஆளாளுக்கு இழுப்பாங்க சார். லைன் ஓடவே ஓடாது."

"இழுக்கட்டும். எதுக்கு இழுத்தாங்கன்னு நான் போய்க் கேட்டுக்கறேன்."

கயிறு கட்டினார்கள். பெல்ட்டின் தலைக்குமேல் நீளமாகத் தொங்கியது. இன்ஜினியர் சொன்னது போலவே ஆளாளுக்கு இழுத்தோம், கொஞ்ச நாள் சும்மா விளையாட்டுக்கு. ஒவ்வொரு தடவையும் சார் ஸ்டூலோடு மூச்சு வாங்க ஓடிவந்து, "என்னம்மா பிடிக்கல?" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவர் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். அதற்குப் பயந்தே விளையாட்டுக்கு இழுப்பது நின்றுபோயிற்று.

ஒவ்வொருத்தியாக மேஜையை விட்டுப் பெல்ட்டுக்கு மாறினோம். வசந்தா மட்டும் வரவில்லை. சார் ஸ்டூலோடு போய் உட்கார்ந்தால், "எனக்கு இஷ்டமில்ல சார். அவ்ளோதான்" என்பாள். வேறு எதுவும் சொல்ல மாட்டாள். ஷெட்டில் அவள் மேஜை ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அவள் ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். வசந்தாவுக்குக் காது கேட்கவில்லை. இத்தனை வருட ஹாரன் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. பேசுகிறவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். ஹாரனின் விளிம்பில் விரலை வைத்து, அதிர்வைப் பார்த்தே திருகைச் சரிசெய்துவிடுவாள். சூப்பர்வைசர் பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் அவள் மேஜைக் காலை மெல்ல உதைப்பேன். உடனே திரும்புவாள். அவள் சத்தமாகப் பேசுவதைத் திமிர் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தன் குரலே தனக்குக் கேட்காதவள் வேறு எப்படிப் பேசுவாள்?

பெல்ட் கிளம்புவதற்கு முன்னால் மணி அடிக்கும். மணி கேட்டதும் எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும். கேட்காதவள் கையை எடுக்க மாட்டாள். வெளியே சொன்னால், காது கேளாத ஆள் எதற்கு என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள். "அவங்க அனுப்ப மாட்டோம்னு சொன்னது நல்லாக் கீற ஆளுங்கள. என்னைய இல்ல. எங்கூட்டுல நான்தான் சம்பாதிக்கிறேன். வாயத் தொறந்துடாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஒரு மதியம் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சார் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவப் போனார். எங்கள் பின்னால் வரும்போது அந்த எவர்சில்வர் தட்டு அவர் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. விழுந்து, உருண்டு, சுழன்று, அடங்க நேரமாயிற்று. கேன்டீன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வசந்தா மட்டும் ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். திடுக்கிட்டதில் என் காலும் அவள் காலை உதைக்க மறந்துவிட்டது.

சார் தட்டை எடுக்கக் குனிந்தார். நிமிரும்போது வசந்தாவின் முதுகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்படியே தட்டைக் கழுவப் போய்விட்டார். அது தானாக விழுந்ததா, அவர் விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை மேனேஜரும் இன்ஜினியரும் லைனைப் பார்க்க வந்தபோது சார் வழியை மறித்து நின்றார்.

"எனக்கு இந்த மணி ஆகல" என்றார்.

"என்ன ஆகல?" என்றார் மேனேஜர்.

"மணிச் சத்தம். கேட்டா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. எடுத்துட்டு, பழையபடி பல்பு போடுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி எல்லார் எதிர்லயும் ஒரு சிவப்பு பல்பு எரியட்டும்."

இன்ஜினியருக்கு ஒன்றும் புரியவில்லை. "பழையபடியா? இங்க எப்ப சார் பல்பு இருந்தது?"

சார் கொஞ்சம் யோசித்தார். "இல்லையா? இருந்த மாதிரி ஞாபகம்" என்றார்.

"பெல்ட்டுல உக்காந்து வேலை செய்யறவங்க யாருமே கேக்கலியே சார். உங்களுக்கு என்ன?"

"எனக்குப் பிடிக்கல. தினமும் வந்து இதையே சொல்லிக்கிட்டிருப்பேன்."

மேனேஜருக்கு அவரைத் தெரியும். இந்த மனிதரிடம் தினமும் இதைக் கேட்பதைவிடப் பல்பு வாங்குவது லாபம் என்று நினைத்திருப்பார். போடச் சொல்லிவிட்டார். லைனில் இருந்த நாங்களெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. பக்கத்தில் இருந்தவள் ஏன் என்று கேட்டாள். தூசி என்றேன்.

பல்பு எரிய ஆரம்பித்த அன்றைக்கு வசந்தா தன் மேஜையிலிருந்து எழுந்து வந்து லைன் ஓரமாக நின்றாள். சிவப்பு எரிவதையும், எல்லோரும் கையை எடுப்பதையும், பெல்ட் நகர்வதையும் பார்த்தாள். பல்பு யார் கேட்டு வந்தது என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். நேராக சாருடைய அறைக்குப் போனாள். பயந்துபோய் நானும் பின்னாலேயே போனேன்.

"சார், எனக்குக் காது..." என்று ஆரம்பித்தாள்.

சார் கையைக் காட்டி நிறுத்தினார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் நாற்காலியை இழுத்து அவள் முகத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டார். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார். "எனக்கு மணி ஆகாதும்மா. அதனால பல்பு கேட்டேன். உனக்கு எந்த எடத்துல உக்காரணும்? அதைச் சொல்லு."

"இவ பக்கத்துல" என்று என்னைக் காட்டினாள்.

அன்று மதியமே அவள் மேஜையைத் தூக்கிவிட்டார்கள். பெல்ட்டில் எனக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்தாள். திருகு வேலை. ஸ்கூட்டர் கம்பெனியின் ஆர்டர் வந்தது. எந்த ஷிப்டையும் மூடவில்லை. காதைப் பற்றி அவளாகவே வெளியில் சொல்லும் தைரியம் பிறகு வந்தது. அதற்குள் அவள் லைனில் தவிர்க்க முடியாத ஆளாகிவிட்டிருந்தாள்.

பெல்ட் நன்றாக ஓடியதற்குக் கம்பெனி சாருக்குத் தந்த பரிசு ஓசூருக்கு மாற்றல். அங்கேயும் ஒரு ஹாரன் கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். அங்கேயும் பெல்ட் போட வேண்டும், அங்கேயும் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் சீட் மாறியதற்கே நின்றுகொண்டு வந்தவர் இதற்கு என்ன ரகளை செய்யப் போகிறாரோ என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் ஒன்றுமே செய்யவில்லை. மாற்றல் ஆர்டரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம் ஒரு மதியம் கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தார். தட்டில் போட்ட சோறு போட்டபடியே இருந்தது. வசந்தா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். நானும் போனேன்.

"ஓசூரு போறீங்களாமே சார்."

"ஆமாம்மா."

"புடிச்சிகீதா?"

"பிடிக்கல."

"இன்னா புடிக்கல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். அங்கே குளிர் அதிகம், காலையில் எழுந்தால் மூக்கு அடைக்கும். சாம்பாரில் வெல்லம் போடுவார்கள். பூந்தமல்லி வீட்டை யார் பார்த்துக்கொள்வது. அந்த ஊர் பஸ்ஸில் எந்த சீட் நல்ல சீட் என்று யாருக்குத் தெரியும். சொல்லிக்கொண்டே போனார். வசந்தா குறுக்கே பேசாமல் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் சார் நிறுத்திவிட்டார்.

"இங்க நான் பழையபடின்னு சொன்னா நீங்கள்லாம் சிரிக்கறீங்க. அங்க ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. கிறுக்கன் ஒருத்தன் வந்திருக்கான்னு நினைப்பாங்க" என்றார்.

"இங்கியும் மொதல்ல அப்படித்தான் சார் நெனச்சோம்" என்றாள் வசந்தா.

"அப்படியா? அப்புறம் எப்ப மாறினீங்க?"

"எங்க மாறினோம்? இன்னும் அப்படித்தான் நெனச்சிகினு கீறோம். நீங்கன்னா எங்களுக்கு உசுரு, அது வேற."

அவள் குரல்தான் தெரியுமே, கேன்டீன் முழுக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். சார் சிரிக்க ஆரம்பித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. விக்கலும் இருமலுமாக, நிறுத்த முடியாமல் சிரித்தார். அந்தச் சத்தம் வசந்தாவுக்குக் கேட்டிருக்காது. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மோர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.